வாளை கவ்விய மாம்பழம்

உவமை என்றதும் ‘போல’ எங்கே இருக்கிறது என்று தேடப் பள்ளியிலேயே பழகிவிட்டோம். அந்தச் சொல்லே இல்லாமல் வேலை செய்யும் உவமை சங்க அகப்பாடல்களில் நிறைய உண்டு. தொல்காப்பியம் அதை உள்ளுறை என்கிறது. ஒரு நிலத்தின் கருப்பொருள்களான மரம், விலங்கு, பறவை, தொழில் எல்லாம் அதற்கு உதவும். தெய்வம் மட்டும் விலக்கு.

குறுந்தொகையின் 8-ஆம் பாடலில் இரண்டு வகையும் அடுத்தடுத்து வருகின்றன. ஆலங்குடி வங்கனார் பாடியது, ஆறே அடிகள். பேசுகிறவள் பரத்தை. தலைவி தன்னைப் பழித்தாள் என்ற செய்தி அவளுக்கு எட்டியிருக்கிறது. தலைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழட்டும் என்றே வாய் திறக்கிறாள்.

முதலில் தலைவனின் ஊரைச் சொல்கிறாள். வயலோர மாமரத்தில் பழுத்து உதிரும் கனியைக் குளத்து வாளை கவ்விக்கொள்ளும் ஊர். கேட்க வெறும் வர்ணனைதான். ஆனால் வாளை மரம் ஏறவில்லை, பழம்தான் விழுந்தது. ‘அவனை நான் வளைத்துப் பிடிக்கவில்லை, அவனாகத்தான் வந்தான்’ என்ற அவளுடைய வழக்கு முழுவதும் அந்த மீனுக்குள் இருக்கிறது!

அடுத்தது வெளிப்படையான உவமை. நம்மிடம் பெரிய பேச்சுப் பேசிய அவன், தன் வீட்டுக்குப் போனதும் மகனைப் பெற்றவள் விரும்புவதையெல்லாம் செய்கிறானாம். எதிரே நிற்பவர் கையைத் தூக்கினால் கையையும், காலைத் தூக்கினால் காலையும் தூக்கும் கண்ணாடி உருவம் போல. வினை, பயன், மெய், உரு என்று தொல்காப்பியர் வகுத்த நான்கில் இது வினையுவமை. தோற்றம் இங்கே பொருட்டே இல்லை. கண்ணாடிக்குள் இருப்பவனால் தானாக ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது, அதுதான் குத்தல்.

இரண்டு உத்திகளையும் வங்கனார் பங்கிட்டிருக்கும் விதம் அபாரமானது. தன்மேல் விழுந்த பழியை அவள் நேராக மறுத்திருந்தால் கெஞ்சுவதுபோல் ஆகியிருக்கும். அதனால் அது உள்ளுறையில் ஒளிந்துகொள்கிறது. ஏளனமோ கேட்ட மாத்திரத்தில் தைக்க வேண்டும். அதனால் ‘போல’ போட்டே வருகிறது.

மருதப் பாடல்களைப் படிக்கும்போது எருமையோ நாரையோ மீனோ எதிர்ப்பட்டால், அது என்ன செய்கிறது என்ற வினைச்சொல்லில் சற்று நில்லுங்கள். தலைவன் செய்த காரியம் பெரும்பாலும் அங்கேதான் பதிவாகியிருக்கும்.