மின்கிதார்களின் ஒலி, தொடுவுணர்வு வேறுபாடுகள்

மின்கிதார் என்பது உருக்குக் கம்பிகளின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றி, பெருக்கியின் வழியே ஒலிக்கச் செய்யும் நரம்பிசைக் கருவி ஆகும். ஒரே சுரத்தை வாசித்தாலும் எல்லா மின்கிதார்களும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. விரலுக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. பிக்கப்பின் வகை, கம்பியின் நீளம், பருமன், விரற்பலகையின் வளைவு ஆகியன இதற்கு முதன்மையான காரணங்களாகும்.

ஒலி

பிக்கப் என்பது காந்தத்தைச் சூழ்ந்த மெல்லிய செப்புக் கம்பிச்சுருள் ஆகும். மேலுள்ள உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுவதால் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகின்றது. 1954இல் வெளிவந்த ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒற்றைச்சுருள் பிக்கப்கள் மூன்று உள்ளன. இவற்றின் ஒலி தெளிவானது, கூர்மையானது. ஆயினும் இவை மின்வழங்கலின் இரைச்சலையும் (இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ்) ஈர்க்கின்றன. கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955இல் உருவாக்கிய ஹம்பக்கரில் எதிரெதிராக இணைக்கப்பட்ட இரு சுருள்கள் இவ்விரைச்சலை நீக்குகின்றன. இதன் ஒலி தடித்தது. உச்ச அதிர்வெண்கள் சற்றுக் குறைவு. 1957 முதல் லெஸ் பால் கிதார்களில் இது இடம்பெற்றது.

தொடுவுணர்வு

ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அதிரும் கம்பியின் நீளம் 25.5 அங்குலம், லெஸ் பாலில் ஏறத்தாழ 24.75 அங்குலம். ஒரே கம்பியை ஒரே சுருதியில் நிறுத்த வேண்டிய இழுவிசை, நீளத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். எனவே முன்னதில் இழுவிசை சுமார் 6 விழுக்காடு மிகுதி. ஆனால் 0.009 அங்குலக் கம்பிக்குப் பதிலாக 0.010 அங்குலக் கம்பியைப் பூட்டினால் இழுவிசை சுமார் 23 விழுக்காடு உயரும். அதாவது, இங்குக் கம்பியின் பருமன் கருவியின் நீளத்தைவிடப் பெரிய மாற்றத்தைத் தருகின்றது. வளைவு மிகுந்த விரற்பலகையில், பக்கவாட்டில் இழுக்கப்படும் கம்பி அடுத்த மெட்டுகளில் உரசி ஒலி மங்கக்கூடும்.

கர்நாடக இசையில்

வீணையைப் போலவே கிதாரிலும் மெட்டின்மீது கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தும், விரலை வழுக்கியும் கமகங்கள் வாசிக்கப்படுகின்றன. ஆர். பிரசன்னா, கர்நாடக இசையைக் கிதாரில் வாசிப்பதில் குறிப்பிடத்தக்க கலைஞர் ஆவார். இவ்விசையில் சுரத்தின் வடிவத்தையே கமகம் தீர்மானிப்பதால், ஒலியின் தன்மைக்கு நிகராகக் கம்பியின் இழுவிசையும் இன்றியமையாதது ஆகும்.

ஒப்பிடும் முறை

இரு கிதார்களை ஒப்பிடும்போது கம்பியின் பருமன், சுருதி, பெருக்கியின் அமைப்பு ஆகியன ஒன்றாக இருத்தல் வேண்டும். இல்லையெனில், கம்பிகளை மாற்றினாலே தீரும் குறை கருவியின் குறையாகத் தோன்றக்கூடும்.