காற்றில் நிற்கும் கார்

காலையில் முற்றம் கூட்டப் போகும் உம்மாமாரின் கண்ணில்தான் இது முதலில் படும். இரவு நேராக நின்ற வாகனம் விடியும்போது ஒரு மூலை தாழ்ந்து சரிந்து நிற்கும். என்ஜினை ஸ்டார்ட் செய்தால் சிறிது நேரத்தில் நிமிர்ந்துவிடும். "ஒன்றுமில்லை" என்று சொல்லி வீட்டுக்காரர் போய்விடுவார். உண்மையில் அந்த மூலையில் காற்று கசிகிறது.

சில வாகனங்களில் இரும்புச் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய இறப்பர் பை இருக்கும். 1994இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவரில் நான்கு சக்கரங்களுக்கும் இந்தப் பைதான். நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அதனால் பழைய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்டும் வழக்கம் கூடியது. முற்றத்திலேயே பழுது பார்ப்போரும் பெருகினர்.

இறப்பர் மடிந்து உருளும் இடத்தில்தான் முதலில் வெடிப்பு விழும். சவர்க்கார நீரைத் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். பையின் விலையைப் பார்த்துத் தள்ளிப்போடுவது இலாபமல்ல. கசிந்த காற்றை ஈடுசெய்ய ஓயாமல் ஓடும் கம்ப்ரஸர் ஒருநாள் கருகிவிடும். அது பையைவிட விலை கூடியது.

பையை மாற்றுவது பெரிய வித்தையல்ல. கிளிப்புகளைக் கழற்றி, காற்றுக் குழாயை விடுவித்தால் கைக்கு வந்துவிடும். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. டயரில் உள்ள காற்று சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலளவு என்றால், இந்த வாகனத்தின் காற்றுத் தாங்கியில் ஏறத்தாழ 150 இறாத்தல் இருக்கும். அதை வெளியேற்றாமல் குழாயைப் பிடுங்கினால் மண்ணும் தூசும் கண்ணில்தான் பாயும். காற்றை முறையாக வெளியேற்றும் கருவி கராஜில் இருக்கும். அந்த ஒரு வேலையையாவது பாஸிடம் விட்டுவிடுவது நல்லது.

இன்னொன்றைப் பலர் அறியார். சாவியை எடுத்துக்கொண்டு போன பிறகும் இந்த வாகனத்தின் மின் கட்டுப்பாட்டுப் பெட்டி இடைக்கிடை தானாக விழித்து, தாழ்ந்த மூலைக்குச் சமமாக மற்ற மூலைகளின் காற்றையும் இறக்கும். யாரும் தொடாமலே வாகனம் கீழே வரும். சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் இடையே கை இருந்தாலும் அது பொறுத்திராது. வேலைக்கு முன் பற்றரியைக் கழற்றச் சொல்வது இதற்காகவே.

சகோதரிகளே, உங்கள் பேச்சு எடுபட வேண்டிய இடம் இது. ஜெக் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. சட்டத்தின் கீழ் உறுதியான இரும்பு ஸ்டாண்டுகள் வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை போட்ட பிறகே உள்ளே போகலாம். செங்கல்லும் கொங்கிறீட் கல்லும் உதவா. பாரத்தில் திடீரென நொறுங்கிவிடும். ஸ்டாண்ட் இல்லையென்றால் வேலையும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். "அல்லாஹ் காப்பான்" என்று பதில் வரலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது என்று நினைவூட்டுங்கள். வாப்பாவுக்குச் சாவி எடுத்துக் கொடுக்க ஓடிவரும் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள்.

புதிய பையைப் போட்டதும் அவசரப்பட்டு ஸ்டாண்டை எடுக்கக் கூடாது. காற்றில்லாத பையின் மேல் பாரம் இறங்கினால் இறப்பர் தவறாக மடிந்து நசுங்கும். ஆட்கள் வெளியே வந்து, பற்றரியைப் பூட்டி, காற்று ஓரளவு ஏறிய பின்பே மெல்ல இறக்க வேண்டும். ஒரு பக்கம் பழுதென்றால் அதே அச்சின் மறுபக்கத்தையும் மாற்றிவிடுங்கள். அதுவும் அதே வயதுதான்.

சிலர் திருத்தாமல், வாங்குபவர் வருமுன் என்ஜினை ஓடவிட்டு நிமிர்த்திக் காட்டி விற்றுவிடுகிறார்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது அடியில் ஈரம் இருந்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று அந்த வியாபாரியைக் கேட்டார்கள். காலையில் சரியும் காரை மாலையில் காட்டி விற்பதும் அந்தக் கேள்விக்குள் அடங்கும்.

வேலை முடிந்த அன்று மாலை சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை நாடாவால் அளந்து எழுதிவையுங்கள். சுபஹு தொழுதபின், என்ஜினைத் தொடாமல், மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பையைக் குறை சொல்லுமுன் குழாய் முனையிலுள்ள சிறு இறப்பர் வளையத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.