ஆணுறை கிழிந்துவிட்டதா? 72 மணி நேரத்தை வீணாக்காதீர்கள்!

"டாக்டர், உறை கிழிஞ்சு போச்சு... எனக்கு எய்ட்ஸ் வந்துடுமா?"

தலையைக் குனிந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் பத்து, பதினைந்து நாள் கழித்துத்தான் வருகிறார்கள். அதுவரை யாரிடமும் சொல்லாமல், ராத்திரித் தூக்கம் கெட்டு, மனசுக்குள்ளேயே புழுங்கிக் கொண்டிருப்பார்கள். வெட்கப்பட்டுக் கழித்த அந்த நாட்கள்தான் விலைமதிப்பில்லாதவை. ஏன் என்று பார்ப்போம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

எச்.ஐ.வி. கிருமி விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ரத்தம் இவற்றில் இருக்கும். உறுப்பின் மெல்லிய உட்தோல் வழியாக நுழைந்ததும் அது ரத்தம் முழுக்கப் பரவிவிடுவதில்லை. முதலில் அங்கேயே சில அணுக்களில் தங்கி, பிறகு நெறிக்கட்டிகளுக்குப் போய், அதன் பிறகே ரத்தத்தில் கலக்கிறது. இதற்குச் சில நாள் ஆகும். அந்த இடைவெளியில் மருந்து உள்ளே போனால், கிருமி பெருகுவதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. 72 மணி நேரக் கணக்கு இதனால்தான் வந்தது.

ஆபத்து எவ்வளவு?

எதிராளிக்குக் கிருமி இல்லையென்றால் எச்.ஐ.வி. ஆபத்தும் இல்லை. கிருமி இருந்து, அவர் சிகிச்சை எடுக்காதவராக இருந்தால்கூட, ஒரே ஒரு உறவில் தொற்றும் வாய்ப்பு சராசரியாகப் பெண்ணுக்கு 10,000-ல் 8. ஆணுக்கு 10,000-ல் 4. ஆசனவாய் வழி உறவில் ஏற்பவருக்கு இது 10,000-ல் 138 வரை போகிறது. உறுப்பில் புண் இருந்தாலோ, எதிராளிக்குக் கிருமி புதிதாகத் தொற்றியிருந்தாலோ ஆபத்து கூடும். அவர் ஒழுங்காகக் கூட்டு மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்திருந்தால், உடலுறவு மூலம் தொற்றாது.

ஆக, பயந்து நடுங்கவும் வேண்டாம். "குறைவுதானே" என்று சும்மா இருந்துவிடவும் வேண்டாம். ஒருவரைப் பார்த்து, "ஆள் ஆரோக்கியமாத்தான் இருக்காரு" என்று முடிவு கட்ட முடியாது.

உடனே என்ன செய்வது?

வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரில் கழுவினால் போதும். டெட்டால், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் என்று உள்ளே ஊற்றிக் கழுவாதீர்கள். உட்தோல் புண்ணாகி, கிருமிக்கு நாமே வழி திறந்துவிட்ட மாதிரி ஆகும்.

அடுத்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போங்கள். ராத்திரி என்றால் அவசரப் பிரிவு. அங்கே கிடைக்காவிட்டால், எச்.ஐ.வி. சிகிச்சை தெரிந்த தனியார் டாக்டரிடம் சீட்டு வாங்கலாம். எங்கே போவது என்று புரியவில்லையா? 1097 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். மருந்து தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். தேவையென்றால் 28 நாள், ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட வேண்டும். முதல் டோஸ் சில மணி நேரத்துக்குள் போனால் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலனில்லை.

கர்ப்பம் பற்றிய பயமிருந்தால் பெண்கள் அதையும் அப்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்கான அவசர மாத்திரையையும் சீக்கிரம் போட்டால்தான் பலன்.

சித்த மருந்து கிடையாதா?

இந்த 72 மணி நேரத்துக்கு எங்கள் வைத்தியத்தில் மருந்து கிடையாது. சித்த மருத்துவன் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். மேக நோய்க்கு என்று ஏட்டில் உள்ளவை இந்தக் கிருமியைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை. எய்ட்ஸைக் குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்பதை இந்திய மருந்துச் சட்ட விதிகளே தடை செய்கின்றன. லேகியத்தை நம்பி மூன்று நாளை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. அந்த 28 நாள் மருந்தில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கும். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அது உடம்பில் சேருவதைக் குறைக்கும். அயச் செந்தூரம், சங்கு பற்பம் போன்றவை சாப்பிடுபவர்கள், இரும்பு, கால்சியம் மாத்திரை போடுபவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஜெலூசில் மாதிரியான வயிற்றெரிச்சல் மருந்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

டெஸ்ட் எப்போது?

மறுநாளே டெஸ்ட் எடுத்து, "நெகட்டிவ், தப்பிச்சேன்" என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. அந்த டெஸ்ட் பழைய தொற்று இருக்கிறதா என்றுதான் சொல்லும். புதுத் தொற்று தெரிய நாளாகும். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துக் கிருமியின் புரதத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கும் சோதனையில் 18 முதல் 45 நாளுக்குள் தெரியும். எதிர்ப்பொருளை மட்டும் பார்ப்பதில் 23 முதல் 90 நாள் வரை ஆகலாம்.

எனவே முதலில் ஒன்று, 6 வாரத்தில் ஒன்று, 3 மாதத்தில் ஒன்று. மூன்று மாதத்திலும் நெகட்டிவ் என்றால், இடையில் வேறு ஆபத்தும் நேராதிருந்தால், நிம்மதியாக இருக்கலாம். முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தாலும் அதுவே முடிவல்ல. வேறு சோதனைகளாலும் உறுதி செய்வார்கள். மஞ்சள் காமாலை (பி வகை), மேகப்புண் சோதனைகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

காய்ச்சல், தோலில் தடிப்பு என்று வந்தால் உடனே "அதுதான்" என்று எண்ணாதீர்கள். டெங்குவிலும் இப்படி வரும். டெஸ்ட்தான் பதில் சொல்லும்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் இந்தச் சோதனை இலவசம். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கக்கூடாது. முடிவை வெளியிடவும் கூடாது. டெஸ்ட்டுக்குப் பதிலாக ரத்ததானம் செய்து தெரிந்துகொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது இன்னொரு உயிரோடு விளையாடுவது!

வீட்டில் இருப்பவர்?

கடைசி முடிவு வரும்வரை மனைவியோடோ கணவரோடோ உறை இல்லாமல் சேரக்கூடாது. "எப்படிச் சொல்றது?" என்று தயங்குகிறார்கள். நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் இருக்கிறார். அவர் உதவியோடு சொல்லலாம். நம்மை நம்பி வாழ்பவருக்கு இந்தப் பாதுகாப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவது, குழந்தையைக் கொஞ்சுவது, தொட்டுப் பழகுவது - இவற்றால் தொற்றாது.

உறை ஏன் கிழிகிறது?

தேங்காய் எண்ணெய், வாசலின் தடவினால் ரப்பர் நைந்துவிடும். பர்சில் வைத்துச் சூடேறினாலும் கெடும். தேதி முடிந்தது, பல்லால் கிழித்துப் பிரித்தது, நுனியில் காற்றை அழுத்தி நீக்காமல் போட்டது, "இரட்டைப் பாதுகாப்பு" என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டது - இவையெல்லாம் காரணங்கள். வழவழப்பு வேண்டுமானால் தண்ணீர்ச் சார்புள்ள ஜெல்லி மட்டுமே.

உறை கிழிந்துவிட்டதா? யார் மீது தப்பு என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.