‘பேப்பர்’ என்றொரு சொல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல் மாணவன்)

மாலை வேளைகளில் கீழ்க்கட்டளையில் உள்ள எங்கள் பெட்டிக்கடையில் அமர்வது என் வழக்கம். அப்பா சரக்கு எடுக்கப் பல்லாவரம் சென்றுவிட்டால் கல்லாவுக்கு நானே பொறுப்பு. ஒரு நாள், பள்ளிச் சீருடையில் மேல்சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்த பையன் ஒருவன், “அண்ணா, பேப்பர் இருக்கா?” என்று கேட்டான். இந்த நேரத்தில் செய்தித்தாள் கேட்கிறானே, படிக்கிற பிள்ளை போலும் என்று மகிழ்ந்து தினத்தந்தியை நீட்டினேன். அவன் சிரித்துவிட்டான். “அது இல்லண்ணா, ஓசிபி” என்றான். எனக்கு விளங்கவில்லை. அவனும் போய்விட்டான்.

அப்பா வந்ததும் கேட்டேன். மேல் தட்டிலிருந்து ஒரு சிறிய அட்டைப் பெட்டியை எடுத்துக் காட்டினார். “சிகரெட்டு சுத்துத தாளுல அது. வண்டிக்காரன் போட்டுட்டுப் போனான். கேக்கவங்களுக்குக் குடுக்கேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். தெரியாததைத் தெரிந்து சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டல்லவா? அந்த முயற்சியின் விளைவே இக்கட்டுரை.

நம் கல்லூரியில் ‘பேப்பர்’ என்றால் தேர்வுத் தாள். “எத்தனை பேப்பர் அரியர்?” என்று கேட்டால் நம்மில் பலர் முகம் வாடும். தேநீர்க்கடையில் பேப்பர் என்றால் செய்தித்தாள். பெட்டிக்கடை வாசலில் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் பேப்பரோ சிகரெட் சுற்றும் தாள். ஒரே சொல்லுக்கு இடம் பொருள் தருகிறது. இச்சொல்லின் வேர், எகிப்தில் நைல் நதிக்கரையில் வளர்ந்த பாப்பிரஸ் என்னும் கோரையினச் செடி. அதன் தண்டைக் கீறி ஒட்டித்தான் அந்நாட்டார் எழுதினர். நம் ‘தாள்’ என்ற சொல்லுக்கும் செடியின் தண்டு என்றே ஒரு பொருள். அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் நெல்தாளை நினைத்துப் பாருங்கள். இரு மொழிகளும் செடியிலிருந்தே ஏட்டுக்கு வந்திருப்பது தாவரவியல் மாணவனாகிய எனக்கு வியப்பளித்தது.

‘ஓசிபி’ என்பது ஒரு பிரெஞ்சு வணிகப் பெயர். ஒடே, காஸ்காடெக் என்ற இரண்டு ஆலை ஊர்களின் முதலெழுத்துகளோடு, பொல்லோரே என்ற முதலாளிக் குடும்பத்தின் முதலெழுத்தும் சேர்ந்தது. நகலெடுப்பதையெல்லாம் ‘ஜெராக்ஸ்’ என்பதைப் போல, எந்த நிறுவனத்தின் தாளையும் ஓசிபி என்று கேட்பவர்கள் உண்டு. ‘ஓசி’ என்று தொடங்கினாலும் ஓசியில் கிடைப்பதில்லை! ‘ரிஸ்லா’ என்பது இன்னொரு பெயர். பிரெஞ்சில் அரிசியைக் குறிக்கும் ‘ரீ’ என்பதோடு, லாக்ருவா என்ற குடும்பப் பெயரின் முதற்பகுதி சேர்ந்தது. அதனால் அரிசித் தாள் என்றும் சொல்வார்கள். ஆனால் இத்தாள்களில் பெரும்பாலானவை ஆளி முதலிய செடிகளின் நாரிலோ மரக்கூழிலோ செய்யப்படுபவை.

சொற்கள் மேற்கிலிருந்து மட்டும் வரவில்லை, இங்கிருந்தும் போயிருக்கின்றன. ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரூட்’ நம் ‘சுருட்டு’தான். திருச்சிச் சுருட்டு 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே துப்புத் துலக்கும் தடயமாக வருகிறது.

இனி அறிவியலுக்கு வருவோம். நாம் எழுதும் தாள் சதுர மீட்டருக்கு 70 கிராம் அளவில் இருக்கும். சுற்றும் தாளோ ஏறத்தாழ 12 முதல் 25 கிராம்தான். ஒரே சீராக எரிவதற்கும் சாம்பல் வெளுப்பாக விழுவதற்கும் பல தாள்களில் கால்சியம் கார்பனேட் சேர்க்கிறார்கள். நம் ஆய்வுக்கூடத்துச் சுண்ணாம்புக்கல்தான் அது. ஓரத்தில் உள்ள பசை பெரும்பாலும் ஆப்பிரிக்க வேல மரப் பிசின். நாக்கின் ஈரம் பட்டதும் ஒட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்தாள். “தாளு எதுக்குல? நாங்க இலையில சுத்தலையா?” என்றாள். அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் முக்கூடல். கலியாணத்துக்கு முன்னும் பின்னும் பீடி சுற்றியவள். மத்தியப் பிரதேசம், ஒடிசா முதலிய இடங்களின் காடுகளில் கோடையில் பறிக்கப்படும் டெண்டு இலை, கருங்காலிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை நனைத்து, தகட்டு அளவு வைத்துக் கத்திரித்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு, ஒரு பீடிக்குக் கால் கிராமுக்கும் குறைவான தூளைப் பரப்பிச் சுருட்டி நூல் கட்டுவாள். ஆயிரம் சுற்றினால்தான் கூலிக் கணக்கு. அந்தக் கூலியில்தான் எனக்கு முதல் சிலேட்டு வாங்கினார்கள். ஒருநாளும் புகைக்காத அவளுக்குப் புகையிலைத் தூளால் வந்த இருமல் இன்றும் நிற்கவில்லை.

இலை இயற்கையானது, ஆகவே கெடுதி குறைவு என்பர் சிலர். அது தவறு. டெண்டு இலையில் காற்று எளிதில் நுழையாது. அடிக்கடி இழுக்காவிட்டால் பீடி அணைந்துவிடும். எனவே புகைப்பவர் அதிகம் இழுக்கிறார். கரியமோனாக்சைடும் தாரும் அதிகமாக உள்ளே போகின்றன. மெல்லிய தாள் நல்லது என்பதும் அப்படிப்பட்ட பேச்சே. எதில் சுற்றினாலும் எரிவது புகையிலை, கருகுவது நுரையீரல்.

2003ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்க்குப் புகையிலைப் பொருள் விற்பதைத் தடுக்கிறது; கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் யாருக்கும் விற்கக் கூடாது என்கிறது. அதன் பொருள் பட்டியலில் சிகரெட், பீடி, சுருட்டு எல்லாம் உண்டு; வெறுந்தாள் இல்லை. ஆனால் அந்தப் பையன் எதைச் சுற்றத் தாள் கேட்டான்? 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம் தடுக்கும் கஞ்சாவையும் இதே தாளில்தான் சுற்றுகிறார்கள். இதைச் சொன்னதும் அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “நம்ம தம்பி வயசுதான இருக்கும் அவனுக்கு?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் வண்டிக்காரனிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

நாங்கள் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. கடையில் சிகரெட் இன்னும் இருக்கிறது. அந்த வருமானத்தை விட்டுவிட எங்களால் இன்னும் முடியவில்லை. என் தேர்வுக் கட்டணத்திலும் அந்தக் காசு கலந்திருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். படித்து வேலைக்குச் சென்றபின் அப்பாவைக் கேட்டு அதையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

பெட்டி இருந்த இடத்தில் இப்போது கோடு போட்ட தாள்கட்டு இருக்கிறது. அந்தப் பையன் மறுபடியும் வரவில்லை. வந்து “பேப்பர் இருக்கா?” என்று கேட்டால், இந்த முறை எனக்குப் பொருள் விளங்கும். அவனை உட்கார வைத்துப் பேச வேண்டும்.