மென்பொருள் வடிவமைப்பின் தரத்தை அளத்தல்: உன்னிச்சைக் குளத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

மென்பொருள் ஒன்று பிழையின்றி இயங்குவதும் அது நன்கு வடிவமைக்கப்பட்டிருப்பதும் ஒன்றல்ல. பின்னையது, மாற்றம் வேண்டப்படும்போதே வெளிப்படும். அதனை முற்கூட்டியே எண்களால் அறிதல் கூடுமா என்பதே ஈண்டு நாம் ஆராயும் வினாவாகும்.

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் தரவும் அதனைக் கையாளும் முறைகளும் 'வகுப்பு' எனும் அலகினுள் அடங்கும். சிதம்பர், கெமரர் ஆகிய இருவரும் 1991 இல் முன்வைத்து, 1994 இல் விரித்தெழுதிய ஆறு அளவைகள் இத்துறையில் அடிப்படையானவை. ஒரு வகுப்பு எத்தனை பிற வகுப்புகளோடு பிணைந்துள்ளது, மரபுரிமையில் எத்துணை ஆழத்தில் உள்ளது, அதன் முறைகள் தம்முள் எவ்வளவு ஒட்டாதுள்ளன என்பன அவற்றுட் சில.

மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்து நீர்ப்பங்கீட்டுக்கு மென்பொருள் எழுதுவதாகக் கொள்வோம். 'துருசு' எனும் வகுப்பில் நான்கு முறைகள் உள. திறத்தல், மூடல் ஆகியன கதவின் நிலையைக் கையாள்கின்றன. கட்டணம் கணித்தல், பற்றுச்சீட்டு எழுதல் ஆகியன நிலுவையைக் கையாள்கின்றன. இந்நான்கிலிருந்து ஆறு சோடிகள் அமையும். அவற்றுள் இரண்டு பொதுத்தரவு உடையன, நான்கு அற்றன. நான்கிலிருந்து இரண்டைக் கழிக்க, ஒட்டாமையின் அளவு 2 ஆகின்றது. வகுப்பை இரண்டாகப் பிரிப்பின் ஒவ்வொன்றிலும் அது 0 ஆகும். கழித்து வருவது எதிரெண்ணாயினும் 0 எனவே கொள்வர்.

இவ்விதியிலேயே குறையும் உண்டு. எதிரெண்கள் யாவும் 0 ஆவதால், தரத்தில் வேறுபட்ட வகுப்புகள் ஒரே மதிப்பைப் பெறக்கூடும். பசிலி, பிரியாண்ட், மெலோ ஆகியோர் மாணவர் ஆக்கிய எட்டு மென்பொருள்களை ஆராய்ந்து 1996 இல் வெளியிட்ட முடிவின்படி, ஆறனுள் ஐந்து அளவைகள் பிழை நிகழக்கூடிய வகுப்புகளை இனங்காண உதவின. ஒட்டாமை அளவை உதவவில்லை. எல் எமாமும் பிறரும் 2001 இல் மேலுமொரு ஐயத்தை எழுப்பினர். வகுப்பின் பருமனைக் கணக்கிற் கொண்டபின், தாம் ஆராய்ந்த அளவைகளுக்கும் பிழைகளுக்கும் இடையிலான தொடர்பு மறைந்தமையை அவர்கள் காட்டினர். பெரிய வகுப்பிற் பிழை மிகும் என்பதையே அளவைகள் வேறு பெயரிற் கூறினவோ என்பதே அவ்வையம்.

எனவே, அளவை தீர்ப்பன்று. எங்கு உற்றுநோக்க வேண்டும் என்பதைச் சுட்டும் குறியே. நிலுவையும் கதவும் ஒரே வகுப்பில் இருப்பின், கடன்பட்ட விவசாயியின் வட்டைக்கு நீரை மறுக்கும் விதியை ஒரு வரியிற் சேர்த்துவிடலாம்; எவர் கண்ணிலும் அது எளிதிற் படாது. பிரித்துவைப்பின், அவ்விதியைச் சேர்க்க இரு வகுப்புகளையும் வெளிப்படையாகப் பிணைத்தாக வேண்டும், பிணைப்பளவையும் உயரும். அவ்வுயர்வு ஒரு வினாவை எழுப்புகின்றது. அவ்விதி வேண்டுமா என்பதற்கு விடைகூற வேண்டியோர் குளத்தை நம்பிப் பயிரிடும் மக்களேயாவர், எண்ணன்று.