வண்டி வாங்குமுன் இடத்தைக் கேளுங்கள்: மாத்தளையில் வீதியோர உணவுக் கடை

ஏ9 வீதி நம்மில் பலருக்குப் போரின் நினைவு. அதே வீதி கண்டியில் தொடங்கி மாத்தளை, நாவுல, தம்புள்ளை ஊடாகத்தான் வடக்கே வருகிறது. அதன் ஓரத்தில் ஒரு மேசையும் அடுப்பும் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்போர் உண்டு. 1983 ஜூலையில் மாத்தளையில் தமிழரின் கடைகளும் முத்துமாரியம்மன் கோவிலும் எரிக்கப்பட்டன. பெரிய முதல் போட அஞ்சும் குடும்பத்துக்குச் சிறு உணவுக் கடை பொருத்தமானதே. ஆனால் அந்தச் சிறு முதலுக்கும் பாதுகாப்பு வேண்டும்.

இடம் யாருடையது?

ஏ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளவை. உள்ளூர் வீதிகளும் பொதுச் சந்தைகளும் மாநகர சபை அல்லது பிரதேச சபையைச் சேர்ந்தவை. பக்கத்துக் கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பி வண்டியை நிறுத்தினால், அகற்றச் சொல்லும் நாளில் காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது.

நிரந்தர இடம் இல்லாதவருக்கு, சிங்களத்தில் 'பொல' எனப்படும் வாரச்சந்தை நல்ல தொடக்கம். அன்றைய கட்டணத்தைச் செலுத்திப் பற்றுச்சீட்டை வாங்கி வைத்திருங்கள். மாசிமகப் பஞ்சரத பவனிக் காலத்தில் கடை போட விரும்பினால், இடம் ஒதுக்குவது யார் என்று கோவில் நிர்வாகத்திடமும் மாநகர சபையிடமும் முன்கூட்டியே கேளுங்கள்.

பத்திரங்களும் மொழியும்

வியாபார அனுமதி பற்றி உள்ளூராட்சி சபையிலும், வணிகப் பெயர்ப் பதிவு பற்றிப் பிரதேச செயலகத்திலும் விசாரிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரலாம். எனவே தண்ணீர், மூடி, கழிவு பற்றி அவரிடம் முதலிலேயே கேட்பது நல்லது. பொலித்தீன் லஞ்ச் சீற் 2017 முதல் தடை, வாழையிலையே வசதி.

நிர்வாகம் சிங்களத்தில் நடக்கும் இடத்திலும், அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. விளங்காத படிவத்தில் கையொப்பமிட வேண்டாம். மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

மிஞ்சும் வடையின் விலை

ஓர் உதாரணம். 100 வடைக்குப் பொருள், எரிவாயு, போக்குவரத்து, சந்தைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய் என்று வைப்போம். ஒன்றை 60 ரூபாய்க்கு விற்றால் 6,000 வரும், மீதி 2,000. மழை வந்து 30 வடை மிஞ்சினால் கைக்கு வருவது 4,200. மீதி வெறும் 200. அன்றைக்குக் கடன் தவணை இருந்தால் வீட்டுச் செலவுக்கு எதுவும் இல்லை.

2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ எரிவாயு, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாயானது. தவணை தவறிய நுண்கடன்களால் பெண்கள் பட்ட பாட்டைத் தொடர்ந்து, 2018இல் 12 மாவட்டங்களில் அவற்றின் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. ஆகவே வண்டிக்காக வாரத் தவணைக் கடன் எடுக்காதீர்கள்.

வீட்டிலுள்ள பாத்திரங்களோடு, ஒரே ஒரு பண்டத்துடன், சந்தையில் ஒரு மாதம் விற்றுப் பாருங்கள். விற்றதையும் மிஞ்சியதையும் கொப்பியில் எழுதுங்கள். வண்டி தேவையா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம்.