நச்சு வாயுவைக் கண்டறியும் கைக்கருவிகளைச் சோதித்தறிதல்

2017 மார்ச்சில் பெங்களூரு சி.வி. ராமன் நகரில் கழிவுநீர்க் குழியினுள் மூச்சுத் திணறி மூவர் உயிரிழந்தனர். இத்தகைய குழிகளில் கழிவு அழுகும்பொழுது ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் உண்டாகின்றன, பிராணவாயு குறைகிறது. ஹைட்ரஜன் சல்பைடுக்கு அழுகிய முட்டையின் நாற்றம் உண்டு. ஆயினும் மூக்கை நம்புவது பெரும் பிழையாகும். காற்றில் அதன் அளவு பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 100 பங்கை எட்டியதும் முகரும் உணர்வு மழுங்கிவிடுகிறது. நாற்றம் மறையும்பொழுதே ஆபத்து மிகுகிறது. ஆகவே கருவி இன்றியமையாதது. கழிவகற்றும் பணி பற்றிய 2013ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளும் பாதுகாப்புச் சாதனங்களுள் நான்கு வாயுக்களை அளக்கும் கருவியைச் சேர்த்துள்ளன.

கைக்கருவிகள் பெரும்பாலும் இருவகைப்படும். முதல்வகையில், கைப்பம்பு கொண்டு குறித்த அளவு காற்றைக் கண்ணாடிக் குழாய் வழியே இழுப்பர்; குழாயிலுள்ள இரசாயனப் பொருள் நிறம் மாறிய நீளமே வாயுவின் அளவைக் காட்டும். இது ஒரு கணத்தின் நிலையை மட்டுமே அறிவிக்கும். இரண்டாம்வகை, இடைவிடாது அளந்து எச்சரிக்கை ஒலி எழுப்பும் மின்னணுக் கருவியாகும்.

ஒரு கருவியை மதிப்பிடுகையில் நான்கு செய்திகளை ஆராய்தல் வேண்டும். அளவு தெரிந்த வாயுவைச் செலுத்தினால் அது சரியான எண்ணைக் காட்டுகிறதா? எத்தனை விநாடிகளில் காட்டுகிறது? பிற வாயுக்கள் அதனை ஏமாற்றுகின்றனவா? வெப்பமும் ஈரமும் அதனைப் பாதிக்கின்றனவா?

எரிவாயுவை அளக்கும் கருவிகளுள் ஒருவகை, சூடேறிய சிறு மணியின்மீது வாயுவை எரித்தே அளக்கிறது. எரிதலுக்குப் பிராணவாயு தேவை. எனவே பிராணவாயு குன்றிய குழியில், மீத்தேன் மிகுந்திருப்பினும் அது குறைவாகவே காட்டக்கூடும். இக்காரணத்தால் முதலில் பிராணவாயுவையும், அடுத்து எரிவாயுவையும், பின்னர் நச்சு வாயுவையும் பார்ப்பதே முறை. இயல்பான காற்றில் பிராணவாயு 20.9 சதவீதம், 19.5க்குக் கீழ் குறையின் உள்ளே செல்லலாகாது.

மீத்தேன் காற்றினும் இலேசானது. ஹைட்ரஜன் சல்பைடு சற்றுக் கனமானது. ஆதலின் வாயிலில் மட்டும் அளந்தால் போதாது. வெளியே நின்றவாறே குழாயை இறக்கி, மேல், நடு, அடி ஆகிய மூன்று மட்டங்களிலும் அளத்தல் வேண்டும். குழாய் நீண்டிருப்பின், அடிக்காற்று கருவியை எட்டும்வரை காத்திருத்தல் அவசியம்.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பெங்களூரு உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கொண்டு கழிவுநீர்க் குழிகளைத் துப்புரவு செய்விப்பதைத் தடைசெய்தது. எனினும் பழைய கிணறு, தொட்டி, நிலவறை முதலியவற்றிலும் இவ்வபாயம் உண்டு.

கருவி பூஜ்யம் காட்டுவதாலேயே காற்று தூயதென்று கொள்ளலாகாது; பழுதுற்ற கருவியும் பூஜ்யமே காட்டக்கூடும். நாள்தோறும் பணி தொடங்குமுன் அளவு தெரிந்த வாயுவைச் சிறிது செலுத்தி, எச்சரிக்கை ஒலிக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். ஒலிக்காத கருவியுடன் எவரும் இறங்கலாகாது.